தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை 4 லட்சத்தில் மராமத்து செய்ய முடியுமா?

குத்தாலம் பக்கம் கிராமத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. அம்மா மட்டும் இருக்கிறார், நீங்கள் சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். மழைக்கு ஒழுகுகிறது, சுவர் இடுப்பளவுக்குப் பொரிந்து கொட்டுகிறது, கூடத்துத் தரை அங்கங்கே வெடித்திருக்கிறது. கையில் 4 லட்சம். வருகிற தையில் தம்பிக்குக் கல்யாணம், அதற்குள் வீடு ஒழுங்காகவும் பார்க்க லட்சணமாகவும் ஆக வேண்டும். சொந்தக்காரர்கள் இடித்துவிட்டு மாடி வீடாகக் கட்டச் சொல்கிறார்கள். இதுதானே உங்கள் கேள்வி?

இடிக்காதீர்கள். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் முப்பது வருடத்துக்கும் மேலாகக் கட்டட வேலைக்கு மேற்பார்வை பார்த்து வருகிறேன். 4 லட்சத்தில் அந்த அளவுக்கு ஒரு கான்கிரீட் வீடு அஸ்திவாரத்தையும் சுவரையும் தாண்டாது. மீதிக்குக் கடன் வாங்க வேண்டும், அதுவரை அம்மா எங்கே இருப்பார்? அதே பணத்தை இருக்கிற வீட்டில் சரியான இடத்தில் போட்டால் இன்னும் இருபது வருடம் நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் இரண்டு விஷயத்தை முதலில் சோதித்துவிடுங்கள். சுவர் தூக்கில் நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் வயிறு தள்ளிய சுவர் என்றால் அந்தச் சுவரையாவது பிரித்துக் கட்டியாக வேண்டும். அடுத்து விட்டம். விட்டத்தின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் தெரியும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் உளுத்துப்போகும். ஒரு திருப்புளியை எடுத்து அந்த முனையில் அழுத்திக் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக உள்ளே போனால் அந்த முனை போய்விட்டது. அதற்காக முழு விட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அடியில் ஒரு தூண் கொடுத்துத் தாங்கலாம், அல்லது இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட்டு போட்டு முடுக்கலாம். ஆசாரியை வைத்துப் பேசுங்கள். இந்த வேலைக்குக் கொத்தனாரிடம் யோசனை கேட்டால் விட்டத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்றுதான் சொல்வார்.

சரி, இப்போது அடிப்படைக்கு வருகிறேன். நம் பக்கத்து வீடுகளைக் கெடுப்பது தண்ணீர். மேலிருந்து மழையாக வருகிறது, கீழிருந்து ஓதமாக, அதாவது மண்ணின் ஈரமாக, சுவரில் ஏறுகிறது, பக்கத்திலிருந்து தெருத்தண்ணீராக நுழைகிறது. இந்த மூன்றையும் நிறுத்துவதற்கு முன்னால் பெயிண்ட், டைல்ஸ், சீலிங் என்று எதில் காசு போட்டாலும் அடுத்த கார்த்திகைக்குள் அது கெட்டுப்போகும்.

உங்கள் பணத்தை நான் பிரிப்பதாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். கூரைக்கும் மரத்துக்கும் 1.6 லட்சம். அம்மாவுக்குக் கழிவறை, குளியலறைக்கு 90 ஆயிரம். சுவருக்கு 40, ஒயரிங்குக்கு 40, தரை, வெள்ளை, அலங்காரம் எல்லாம் சேர்த்து 30. கடைசி 40 ஆயிரத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருங்கள். பழைய வீட்டில் ஓட்டைப் பிரித்த பிறகுதான் பல சேதாரம் கண்ணுக்குத் தெரியும், அதற்கு அந்தப் பணம் வேண்டும். கூலியும் விலையும் ஊருக்கு ஊர் மாறும், அதனால் தொகையை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். ஓட்டை முழுதும் பிரித்து, கழுவி, தட்டிப் பார்த்து, திரும்ப வேய வேண்டும். விரலால் சுண்டினால் கணீரென்று சத்தம் வரும் ஓடு நல்ல ஓடு. சத்தம் மங்கினால் உள்ளே கீறல் இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். பல வீடுகளில் பாதிக்கு மேல் பழைய ஓடே தேறிவிடும். சீமை ஓடாக, அதாவது மங்களூர் ஓடாக, இருந்தால் 100 சதுரடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும், அந்தக் கணக்கில் குறைகிறதை மட்டும் வாங்குங்கள். புது ஓடு வாங்கும்போது பழையது ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவும் வாயும் மாறும், ஒன்றோடொன்று உட்காராது. புதியதையும் பழையதையும் கலந்து வேயாமல், பழையதை முற்றத்துப் பக்கமும் புதியதைத் தெருப்பக்கச் சரிவிலுமாகப் போட்டால் ஒழுகவும் ஒழுகாது, பார்க்கவும் ஒட்டுப் போட்டது போல் இருக்காது.

ஓடு கீழே இறங்கியிருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் சாய்வாக இறங்கும் கைமரம், அதன் மேல் குறுக்கே ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம் எல்லாவற்றையும் பார்க்க முடியும். வைரம் பாய்ந்த கறுப்புப் பனங்கையாக இருந்தால் தொடாதீர்கள், இன்றைக்கு அந்த மாதிரி மரம் கிடைப்பது கஷ்டம். செல்லரித்த ரீப்பரை மட்டும் மாற்றி, எல்லா மரத்துக்கும் கரையான் மருந்து அடித்து, காயவிட்டு, அப்புறம் ஓடு ஏற்றுங்கள். முற்றம் இருக்கிற வீட்டில் இரண்டு சரிவும் சேரும் மூலையில் ஒரு தகர வாய்க்கால் கிடக்கும். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான். ஓடு உடைந்ததால் ஒழுகுகிறது என்று நினைத்து வருடா வருடம் ஓடு மாற்றிக்கொண்டிருப்பார்கள், தகரம் ஓட்டை விழுந்து கிடக்கும். அந்த நான்கு மூலைக்கும் கனமான புதுத் தகடு போடுங்கள், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஓட்டை எடுத்துவிட்டுத் தகர ஷீட்டு போடச் சொல்லி யாராவது நிச்சயம் வருவார்கள். வேலை சீக்கிரம் முடியும், வாஸ்தவம். ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழே அம்மாவால் உட்கார முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, அப்போது ஷீட்டு வீடுகளில் ஷீட்டு முழுத் துண்டாகப் பிய்த்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஓட்டு வீட்டில் சில வரிசைகள்தான் போயின. புயலுக்கு ஓட்டைக் காப்பாற்ற ஒரு சின்ன வேலை போதும்: இறவாணத்தில், அதாவது கூரை இறங்கி முடியும் விளிம்பில், கடைசி இரண்டு வரிசை ஓட்டையும் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டுங்கள், முகட்டு ஓட்டைச் சாந்து வைத்து இறுக்குங்கள். காற்று உள்ளே புகுந்து தூக்குவது அந்த விளிம்பு வழியாகத்தான்.

ஏற்றும்போதே கூடத்துக்கு மேல் இரண்டு கண்ணாடி ஓடும், அடுக்களைக்கு மேல் ஒன்றும் வைத்துவிடுங்கள். பகலில் விளக்கே வேண்டாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து வைக்கும் எந்த விளக்கும் அந்த வெளிச்சத்தைத் தராது.

இனி சுவர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகக் காசு வீணாவது இதில்தான். உங்கள் தாத்தா கட்டிய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், ஒருவேளை உள்ளே மண்சாந்தும். அந்தக் காலத்து வீடுகளில் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. கீழே களிமண், ஆற்றில் தண்ணீர் வந்தால் கிணறு ஏறுகிற ஊர். செங்கல் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சுவர் ஒரு பக்கம் குடித்து மறுபக்கம் உலர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் நூறு வருடம் நின்ற வீடுகள் இருக்கின்றன. இதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளே தங்கி, உப்பைக் கூட்டிக்கொண்டு, பூச்சு முடிகிற இடம் வரை ஏறி அங்கே வெடிக்கும்.

எங்கள் வீட்டில் இதைத்தான் செய்தோம். திருவையாறு பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் மூன்றடி உயரத்துக்குப் பொரிந்திருந்தது. அப்பா ஆசைப்பட்டார் என்று நான்கடிக்குச் சிமெண்ட் பூசி, மேலே டைல்ஸும் ஒட்டினோம். மூன்றாவது மழைக்காலத்தில் ஓதம் ஆறடிக்கு ஏறி, சாமி அறையில் மாட்டியிருந்த படங்களின் பின்பக்கமெல்லாம் பூஞ்சை. உடைத்து எடுத்தபோது செங்கல் தவிடாகக் கொட்டியது. அந்தச் சுவரை நினைத்தால் இன்றைக்கும் மனது வலிக்கிறது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இது. முதலில் வெளியே போய் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தெருவில் பழைய ரோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் புது ரோடு போட்டதில் தெரு உயர்ந்து உங்கள் வாசல் தாழ்ந்திருக்கும். கொல்லைப்பக்கம் வருடக்கணக்கில் குப்பையும் மண்ணும் சுவரோடு சேர்ந்து மேடாகியிருக்கும். அந்த மண்ணை வெட்டி எடுங்கள். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது ஒரு அடி தாழ்வாக இருக்க வேண்டும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஆழமில்லாத ஒரு வாய்க்கால் வெட்டி, வீட்டை விட்டு விலகி ஓடவிடுங்கள். சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே உடைந்த செங்கல்லைப் பரப்புங்கள். சிமெண்ட் தளம் போட்டால் இறவாணத் தண்ணீர் விழுந்து சுவரிலேயே தெறிக்கும். முற்றத்து ஜலதாரை அடைந்திருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு ஆள் மூன்று நாள் வேலை, பெரிய செலவே இல்லை. இதிலேயே பாதி ஓதம் இறங்கிவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பொரிந்த பூச்சை, பொரிந்த இடத்துக்கு மேலும் ஒரு அடி வரை கொத்தி எடுத்துவிட்டு, சித்திரை, வைகாசி முழுக்கச் சுவரை வெறுமையாகக் காயவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே பூக்கும் வெள்ளை உப்பைத் தென்னம் ஈர்க்குமாறால் உலர்வாகவே தட்டிக் கூட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். ஆனியில் சுண்ணாம்பு பூசுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சலித்த மணல். கீழ் மூன்றடிக்கு மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல் தூள் சேர்த்தால் ஈரத்தைத் தாங்கும். சுண்ணாம்பை நீற்றிச் சில வாரமாவது தண்ணீருக்குள் ஊறவிட்டிருக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் குழைப்பது பழைய முறை, இன்றைக்கும் செய்யலாம். உங்கள் போர் தண்ணீர் உப்பு என்றால் சாந்து குழைக்க நல்ல தண்ணீர் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் நாமே உப்பை உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் இப்போது குறைவு. கோயில் திருப்பணி வேலைக்குப் போகிறவர்களைக் கும்பகோணத்தில் விசாரியுங்கள், அவர்களுக்குத் தெரியும். கூலி கொஞ்சம் கூடும், தினக்கூலியாகவே பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் அவசரப்படுவார்கள், சுண்ணாம்பு அவசரத்துக்கு ஒத்துவராது.

நிலைப்படியின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்புகள் இருந்தால் பயப்படாதீர்கள். நம் களிமண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், சுவர் அதோடு அசையும். வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லுங்கள். சித்திரையில் விரிந்து கார்த்திகையில் மூடினால் அது மண்ணின் அசைவு, சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்தால் போதும். வருடம் முழுக்க நீண்டுகொண்டே போனால் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்காமல் பூச வேண்டாம்.

கூடத்துத் தரையைத் தட்டிப் பாருங்கள். வெடித்த இடத்தில் டொக்கு டொக்கென்று கேட்டால் கீழே பெருச்சாளி வளை இருக்கலாம். அந்த இடத்தை மட்டும் திறந்து, மணல் கொட்டி, தண்ணீர் விட்டு நன்றாக இறக்கி, மேலே தளம் போட்டுச் சிவப்பு ஆக்ஸைடு கலந்து தேய்க்கலாம். காய்ந்தால் நிறம் வெளிறும், அதனால் முதலில் ஒரு ஓட்டில் மாதிரி பூசிக் காயவைத்துப் பாருங்கள். ஒட்டு தெரியத்தான் செய்யும். முழுத் தரைக்கும் டைல்ஸ் போடாதீர்கள். தரையை மூடினால் அதன் ஈரம் சுவருக்குத்தான் போகும், ஈரக்காலோடு நடக்கும் வயதானவர்களுக்கு வழுக்கும் வேறு. பழைய சிவப்புத் தரையைக் கழுவி, காயவிட்டு, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து ஒரு நாள் விடுங்கள், இரண்டு மூன்று தடவை செய்தால் முகம் தெரியும். அதிகமாக விட்டால் அதுவும் வழுக்கும்.

கழிவறை விஷயத்தில் மட்டும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அம்மா ராத்திரியில் கொல்லைக் கோடிக்கு நடந்து போகக் கூடாது. பின்தாழ்வாரத்தை ஒட்டி, பழைய சுவரில் பாரம் ஏற்றாமல், தனிச் சுவராக எழுப்பிப் புதிதாகக் கட்டுங்கள். உட்காரும் கோப்பை, பிடித்துக்கொள்ளக் கம்பி, சொரசொரப்பான தரை, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள். தொட்டி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கிற ஊர்களில் வெறும் உறைக்குழி நிரம்பி எதிர்த்து வரும், அதனால் அடியிலும் பக்கத்திலும் நன்றாகப் பூசிய தொட்டியாகவே கட்டச் சொல்லுங்கள்.

ஒயரிங்கில் பழைய மரப்பட்டை வயர் இருந்தால் முழுதும் எடுத்துவிடுங்கள். சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளியே குழாய் ஓட்டினால் போதும், பழைய சுவருக்கு அதுதான் நல்லது. விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. எர்த் புதிதாகப் போடுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று, 30 மில்லி ஆம்பியரில் விழுவது, கட்டாயம். ஈரச்சுவர் வீட்டில் இது இல்லாமல் அம்மாவைத் தனியாக விடாதீர்கள்.

வேலைக்கு மாதக் கணக்கு முக்கியம். அறுவடை முடிந்து, வயலில் வேலை இல்லாத பங்குனி முதல் வைகாசி வரை ஆள் கிடைக்கும், சுவரும் காய்ந்திருக்கும். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் கொஞ்ச நாளில் சித்தாள் வேலைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் நடவுக்குப் போய்விடுவார்கள். ஆடியில் புது வீடு தொடங்க மாட்டார்கள் என்பதால் நல்ல கொத்தனார் சும்மா இருப்பார், கழிவறை வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஆடிக்கு மராமத்து கூடாது என்ற பழக்கம் இருந்தால் ஆவணி. புரட்டாசிக்குள் வெள்ளை அடித்து முடித்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்து ஒரு சோதனை ஆகட்டும். எங்கே ஒழுகுகிறது என்று அம்மாவைக் குறித்து வைக்கச் சொல்லி, மார்கழியில் அதை மட்டும் சரிசெய்தால் தைக்கு வீடு தயார்.

அலங்காரத்துக்கு நீங்கள் அனுப்பிய பட்டியலில் சீலிங், சுவர் ஸ்டிக்கர், எல்.ஈ.டி. பட்டை விளக்கு எல்லாம் இருந்தது. சீலிங்கை நிச்சயமாக விட்டுவிடுங்கள். ஒழுகலையும் கரையானையும் கண்ணில் படாமல் மறைக்கும், எலிக்கும் இடமாகும். கைமரத்தையும் ரீப்பரையும் துடைத்து ஆளிவிதை எண்ணெய் பூசினால் அந்தக் கூரையே அழகு. பழைய தூணில் ஏறியிருக்கும் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துப் பாருங்கள், எனக்குத் தெரிந்து பல வீடுகளில் நான்கைந்து அடுக்கு பச்சைப் பெயிண்டுக்கு அடியில் தேக்கு இருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, கடைசிப் பூச்சில் துளி நீலம். திண்ணைக்கும் அடிச்சுவருக்கும் காவிப் பட்டை. சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டுமென்றால் ஓதம் இல்லாத உள் அறையில் மட்டும். இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் சுமார் 60 சதுரடி வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரணைப் பிரித்துப் பாருங்கள், வாங்க வேண்டிய பாதிச் சாமான் அங்கே இருக்கும். பாட்டியின் பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி முற்றத்து ஓரத்தில் வைத்துத் தண்ணீரும் பூவும் போடலாம். ஊஞ்சல் பலகை கிடந்தால் கூடத்தில் மாட்டுங்கள், ஆனால் விட்டம் சோதித்த பிறகு. நாற்காலிக்கு சோபா செட்டு தேட வேண்டாம். கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் தைக்காலில் பிரம்பு வேலை செய்கிறார்கள், இரண்டு நாற்காலி நேரில் போய் வாங்குங்கள். ஒரே ஒரு பொருளுக்குப் பணம் செலவழிப்பதென்றால் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, கல்யாணத்துக்கும் ஆகும். தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் ஓதச் சுவரில் மாட்டாதீர்கள். பலகையில் துணி ஒட்டி, மக்கு வைத்துத் தங்க ரேக்கு பதித்த படம் அது, ஈரம் பட்டால் உப்பிவிடும். உள்சுவரில், பின்னால் சின்னக் கட்டை கொடுத்துக் காற்று போகிற மாதிரி மாட்டுங்கள்.

திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்றும் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தெருத்தண்ணீருக்கும் மழைச்சாரலுக்கும் உங்கள் முன்சுவரைக் காப்பது அந்தத் திண்ணைதான். கார் தெருவில் நிற்கட்டும்.

கல்யாணத்துக்குப் பந்தல்காரர் வரும்போது ஒருவர் கூடவே நில்லுங்கள். வாழைமரத்தையும் சீரியல் விளக்கையும் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள், தூணிலும் புதுப் பூச்சிலும் ஆணி அடிக்க விடாதீர்கள்.